பக்கவாதத்திலும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸிலும் ஷார்கோவின் பங்கு என்ன?

பக்கவாதம், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற இரு நோய்களின் வரலாற்றிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ என்ற ஒரே பெயர் வருகிறதே, ஹிப்னாடிச மேடையால் பெயர் பெற்ற ஒருவர் இந்த நோய்களுக்கு உண்மையில் என்ன செய்தார், நோயாளிகளுக்கு அவரால் ஏதேனும் நன்மை விளைந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் பின்பகுதிதான் முக்கியமானது என்பதால் அதற்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டில் எதையும் அவர் குணப்படுத்தவில்லை; அவர் காலத்தில் குணப்படுத்தும் வழியும் இல்லை. ஆனால் "முடக்கம்", "நடுக்கம்" என்ற பொதுப் பெயர்களுக்குள் ஒன்றாகக் குவிந்து கிடந்த நோய்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இந்த அறிகுறிக்கு மூளையிலோ தண்டுவடத்திலோ இந்த இடத்தில் இந்தச் சிதைவு காரணம் என்று காட்டும் வேலையை, வேறு யாரும் அக்கறை கொள்ளாத நோயாளிகளின் அருகில் முப்பது ஆண்டுகள் இருந்து அவர் செய்தார். பிற்காலத்தில் வந்த சிகிச்சைகள் அந்தப் பிரிவினையின் மேல் நின்றுதான் சாத்தியமாயின. அந்த முப்பது ஆண்டுகளில் அவர் தவறவிட்டவையும் உண்டு, அவற்றுள் ஒன்று பக்கவாத நோயாளிகளுக்கு நேரடியாகத் தீங்கு செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ழான் மார்த்தேன் ஷார்கோ 1825 நவம்பர் 29 அன்று பாரிஸில் பிறந்தார். தந்தை குதிரை வண்டிகள் கட்டும் தொழில் செய்தவர். மாணவப் பருவத்தில் ஓவியத்தில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்த மகன், மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்த பிறகும் பென்சிலைக் கைவிடவில்லை. நோயாளியின் நிற்கும் தோரணையையும், பிரேதப் பரிசோதனையில் கண்ட தண்டுவடத்தின் குறுக்குவெட்டையும் தானே வரைந்து வைக்கும் பழக்கம் கடைசிவரை இருந்தது. 1853இல் அவர் எழுதிய முனைவர் ஆய்வேடு மூட்டு நோய்களைப் பற்றியது. கௌட் என்னும் மூட்டுவாதத்தையும் நாட்பட்ட வாத நோயையும் வேறுபடுத்திக் காட்டிய அந்த ஆய்வுக்கான நோயாளிகளை அவர் சால்பெத்ரியேர் என்ற பெண்கள் காப்பகத்தில் கண்டார்.

அந்த இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் அவருடைய வேலையைப் புரியவைக்க முடியாது. வெடிமருந்துக் கிடங்காக இருந்த அந்த வளாகம், 1656இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆணைப்படி பாரிஸின் ஏழைகளையும் பிச்சைக்காரர்களையும் அடைத்துவைக்கும் இடமாக மாற்றப்பட்டது. ஷார்கோவின் காலத்தில் அங்கே ஏறத்தாழ 5000 பெண்கள் இருந்தார்கள். முதுமையால் செயலிழந்தவர்கள், கைகால் முடங்கியவர்கள், வலிப்பு நோயாளிகள், மனநோயாளிகள் என்று வெளியுலகம் கைவிட்ட எல்லோருக்கும் அதுவே கடைசிப் புகலிடம். முன்னேற விரும்பிய இளம் மருத்துவர்கள் அங்கே போக விரும்பவில்லை. காய்ச்சலும் அறுவை சிகிச்சையும் நிறைந்த பெரிய மருத்துவமனைகளில்தான் பெயரும் வருவாயும் கிடைத்தன. ஆண்டுக்கணக்கில் மாறாமல் கிடக்கும் நோயாளியைப் பார்த்து எதைக் கற்பது என்பது அன்றைய பொது எண்ணம். ஷார்கோ 1862இல் அந்த மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவராகத் திரும்பி வந்தார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் அல்ஃப்ரெட் வுல்பியானும் அங்கே நியமிக்கப்பட்டார். இருவரும் கூடம் கூடமாகச் சென்று, ஒவ்வொரு பெண்ணையும் பரிசோதித்து, குறிப்பெடுத்து, நோய்வாரியாக வகைப்படுத்தத் தொடங்கினார்கள்.

அந்த நோயாளிகள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே இறந்தார்கள் என்பதே ஆய்வு நோக்கில் சால்பெத்ரியேரின் தனித்தன்மை. இன்று நடுக்கத்தோடு வந்த பெண்ணின் கை அடுத்த ஆண்டு எப்படி இருக்கிறது, ஐந்தாம் ஆண்டில் பேச்சு எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து பார்த்து, அவர் இறந்த பின் மூளையையும் தண்டுவடத்தையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உயிரோடு இருந்தபோது எடுத்த குறிப்பையும் இறந்த பின் கண்ட சிதைவையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. இந்த முறையை முதலில் கண்டவர் ஷார்கோ இல்லை. பாரிஸ் மருத்துவர்கள் நெஞ்சக நோய்களுக்கு அதை முன்பே பயன்படுத்தியிருந்தார்கள். நரம்பு மண்டலத்துக்கு அதை இவ்வளவு பொறுமையோடும் இவ்வளவு பெரிய அளவிலும் கொண்டுவந்தவர் ஷார்கோ.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை, சுருக்கமாக எம்.எஸ்., எடுத்துக்கொள்வோம். இந்நோயின் தழும்புகளை அவருக்கு முன்பே சிலர் கண்டிருந்தார்கள். பிரிட்டனின் ராபர்ட் கார்ஸ்வெல் 1838இல் வெளியிட்ட நோய்க்கூறியல் படத்தொகுப்பில் தண்டுவடத்தில் பழுப்பு நிறத் திட்டுகள் வரையப்பட்டிருக்கின்றன. அதே காலத்தில் பாரிஸில் ழான் க்ருவேயேவும் அத்தகைய திட்டுகளைப் படத்தோடு வெளியிட்டார். ஜெர்மனியில் ஃப்ரெரிக்ஸ் 1849இல் உயிரோடிருக்கும் நோயாளிகளிடமே இதை அடையாளம் காண முயன்றார். ஆனால் திட்டுகளைக் கண்டவர்கள் அறிகுறிகளின் முழு வரிசையைச் சொல்லவில்லை. அறிகுறிகளைக் கண்ட மருத்துவர்களோ அவற்றை முதுமை நடுக்கம் என்றும் மனக்கோளாறு என்றும் எழுதிவைத்தார்கள். 1866இல் வுல்பியான், தானும் ஷார்கோவும் பார்த்த நோயாளிகளைப் பற்றி பாரிஸ் மருத்துவமனை மருத்துவர்கள் சங்கத்தில் எடுத்துரைத்தார். 1868இல் ஷார்கோ தம் விரிவுரைகளில் நோயின் முழு உருவத்தையும் நிறுவினார்.

அந்த விரிவுரைகளில் நுண்ணோக்கியின் கீழ் அவர் கண்டது இன்றும் செல்லும். திட்டுகளுக்குள் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை அழிந்திருக்க, உள்ளே செல்லும் இழை பெரும்பாலும் தப்பியிருந்தது. உறை போன இழையின் வழியே மூளையின் கட்டளை போகும், ஆனால் சீராகப் போகாது, விட்டு விட்டுத் துடிப்பாகப் போகும், அதனால்தான் இந்த நடுக்கம் வருகிறது என்று அவர் ஊகித்தார். நரம்பில் மின்சமிக்ஞை எவ்வாறு பாய்கிறது என்பது தெளிவாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, இறந்த திசுவை மட்டும் பார்த்து ஒருவர் இந்த இடம்வரை சிந்தித்து வந்தார் என்பதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். அதே வேளையில் காரணத்தைப் பற்றிய அவருடைய விளக்கம் நிற்கவில்லை. நரம்பிழைகளுக்கு இடையே இருக்கும் கிளையா எனப்படும் தாங்கு திசு பெருகி மயலினை நசுக்குகிறது என்று அவர் கருதினார். திட்டின் நடுவே ஒரு சிறு ரத்தநாளம் இருக்கிறது என்று 1863இலேயே ஜெர்மன் மருத்துவர் ரிண்ட்ஃப்ளைஷ் சுட்டிக்காட்டியிருந்தார். நோய் எதிர்ப்பு அணுக்கள் ரத்தத்திலிருந்து வந்து மயலினைத் தாக்குகின்றன என்ற இன்றைய புரிதலுக்கு ரிண்ட்ஃப்ளைஷின் குறிப்பே நெருக்கமானது.

நோயாளியைப் பார்த்து நோயை அறியும் வழியில் ஷார்கோவின் பெரிய பங்களிப்பு பார்கின்சன் நோயிலிருந்து எம்.எஸ்.ஸைப் பிரித்தது. இரண்டிலும் கை நடுங்கும். ஆகவே இரண்டையும் ஒன்றாகவே எண்ணி வந்தார்கள். பார்கின்சன் நோயில் கை மடியில் ஓய்ந்திருக்கும்போது நடுக்கம் தெரியும், செயலில் இறங்கும்போது குறையும். எம்.எஸ்.ஸில் ஓய்வில் நடுக்கம் இல்லை. தண்ணீர்க் குவளையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகச் சொன்னால், வாயை நெருங்க நெருங்க நடுக்கம் பெரிதாகித் தண்ணீர் சிந்தும். இந்த வேறுபாட்டை விரிவுரை அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவரும் காண வேண்டும் என்பதற்காக, நோயாளிகளின் தலையில் நீண்ட இறகுகள் செருகிய தொப்பிகளை அணிவித்து, இறகுகள் ஆடும் விதத்தைக் காட்டினார். அவருடைய மாணவர் லியோபோல்ட் ஓர்டன்ஸ்டைன் இந்தப் பிரிவினையையே தம் ஆய்வேட்டின் பொருளாகக் கொண்டார். கண்மணிகள் தானே துடித்தாடுவது, செயல்படும்போது வரும் நடுக்கம், அசை அசையாக நிறுத்தி நிறுத்தி வரும் பேச்சு ஆகிய மூன்றும் இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு ஷார்கோவின் முக்கூறு என்று கற்பிக்கப்படுகின்றன. மூன்றும் சேர்ந்து காணப்படும் நோயாளிகள் குறைவு என்பதால் இன்று நோயறிய இதை நம்பியிருப்பதில்லை. அறிகுறிகள் முழுமையாகத் தோன்றாத வடிவங்கள் உண்டு, தண்டுவடம் மட்டும் பாதிக்கப்படும் வடிவம் உண்டு, நோய் சில காலம் தணிந்து மீண்டும் தலைதூக்கும் என்றெல்லாம் ஷார்கோவே எச்சரித்திருந்தார். நினைவாற்றல் குன்றுவதையும் எண்ணம் மெதுவாக உருவாவதையும் அவர் பதிவு செய்தார். எம்.எஸ். உடலை மட்டும் தாக்கும் நோய் என்ற எண்ணம் பின்னர் மருத்துவர்களிடையே நெடுங்காலம் நிலவியதை நினைத்தால், அவருடைய இந்தக் கவனிப்பை யாரும் படிக்காமல் விட்டது வருந்தத்தக்கது.

இந்த நோயை அவர் கண்டடைந்த விதத்தைப் பற்றி, 1885 அக்டோபர் முதல் 1886 பிப்ரவரி வரை அவரிடம் பயின்ற சிக்மண்ட் ஃபிராய்ட் தம் இரங்கல் கட்டுரையில் ஒரு செய்தியைச் சொல்கிறார். வினோதமான நடுக்கம் காரணமாக எங்கும் வேலை கிடைக்காத ஒரு பெண்ணை ஷார்கோ தம் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் துஷேன் முன்பு விவரித்திருந்த, காரணம் அறியப்படாத ஒரு முடக்கத்தின் சாயலை அவளிடம் கண்டதுதான் அதற்குக் காரணம். அவள் உடைத்த தட்டுகளும் கோப்பைகளும் பெருஞ்செலவு வைத்தபோதும் அவளை நீக்கவில்லை. அவள் இறந்த பின் நடந்த பரிசோதனையில், அந்த நடுக்கத்தின் வேர் மூளையிலும் தண்டுவடத்திலும் பரவிய திட்டுகள்தான் என்று அவரால் நிறுவ முடிந்தது. இதைச் சிலர் கருணைக் கதையாகச் சொல்வார்கள், சிலர் ஆராய்ச்சி வெறியாகச் சொல்வார்கள். வேலையும் கூரையும் அவளுக்குக் கிடைத்தன. அறிவு அவருக்குக் கிடைத்தது. இரண்டும் ஒரே மனிதரிடம் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிகிச்சையைப் பொறுத்தவரை அவர் வெளிப்படையாக இருந்தார். வெள்ளி நைட்ரேட், ஸ்டிரிக்னின் போன்றவற்றை முயன்று பார்த்தும் நிலைத்த பயன் காணாததால், இந்நோயின் சிகிச்சையைப் பற்றி முனைந்து பேசும் காலம் இன்னும் வரவில்லை என்று விரிவுரையிலேயே சொல்லிவிட்டார். போலி நம்பிக்கை விற்காத அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இனி பக்கவாதம். மூளையில் ரத்தம் கசிவதற்கு முன்பு மூளைத் திசு மென்மையாகி நைந்துபோகிறது, அந்த மென்மையால்தான் நாளங்கள் ஆதரவிழந்து வெடிக்கின்றன என்று ரோஷூ என்ற பிரெஞ்சு மருத்துவர் முன்வைத்த கருத்துக்கு அன்று செல்வாக்கு இருந்தது. ஷார்கோவும் அவருடைய மாணவர் ஷார்ல் புஷாரும் ரத்தக்கசிவால் இறந்தவர்களின் மூளைகளைத் தேடி ஆராய்ந்து, மிகச் சிறிய தமனிகளின் சுவரில் ஊசிமுனை அளவு வீக்கங்கள் இருப்பதைக் கண்டார்கள். 1868இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, இந்த நுண்வீக்கங்கள் உடைவதே மூளை ரத்தக்கசிவின் காரணம் என்று சொன்னது. ஆக, நோய் முதலில் நாளத்தில் தொடங்குகிறது, மூளை பிறகுதான் சேதமடைகிறது. எம்.எஸ். விரிவுரைகள் நிகழ்ந்த அதே ஆண்டில் இதுவும் வந்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டு வெவ்வேறு நோய்களில், ஒரே கூடங்களில், ஒரே முறையில் நடந்த ஒரே வேலை அது.

சுவர் ஏன் பலவீனப்படுகிறது என்பதற்கு அவர்கள் சொன்ன விடை நாளத்தைச் சுற்றிய அழற்சி. உயர் ரத்த அழுத்தம் என்ற விடைக்கு அவர்கள் வந்திருக்க வழியில்லை. கையில் பட்டையைச் சுற்றி அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896இல்தான் அறிமுகப்படுத்தினார், அதற்குள் ஷார்கோ இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நுண்வீக்கங்கள் உண்மையில் வீக்கங்களா, அல்லது கசிந்த ரத்தம் உறைந்து அப்படித் தோன்றுகிறதா என்ற ஐயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து, அவருடைய கருத்து ஓரங்கட்டப்பட்டது. 1963இல் பிரிட்டனின் ராஸ் ரஸ்ஸல், இறந்தவர்களின் மூளைத் தமனிகளுக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் பொருளைச் செலுத்திப் படமெடுத்து, இந்த வீக்கங்கள் இருப்பதையும் அவை பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடமே காணப்படுவதையும் காட்டினார். 1967இல் கோலும் யேட்ஸும் 200 மூளைகளை ஆராய்ந்தபோது, உயர் அழுத்தம் இருந்த 100 பேரில் 46 பேரிடமும், இல்லாத 100 பேரில் 7 பேரிடமும் அவை இருந்தன. எல்லா ரத்தக்கசிவுகளும் இந்த வீக்கங்களிலிருந்துதான் வருகின்றனவா என்ற விவாதம் அதன் பிறகும் தொடர்ந்தது. நாளச் சுவரின் சிதைவே கசிவுக்குக் காரணம் என்பதும், அந்தச் சிதைவைத் தடுக்க ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதும் மாறவில்லை.

மூளையின் எந்தப் பகுதி சேதமடைந்தால் எந்த உறுப்பு முடங்கும் என்ற கேள்வியிலும் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. ஆல்பெர் பித்ரு என்ற மருத்துவருடன் சேர்ந்து, பக்கவாதத்தால் இறந்தவர்களின் மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், இருந்த சேதங்களை, உயிரோடிருந்தபோது கண்ட முடக்கங்களோடு ஒப்பிட்டுப் பல கட்டுரைகள் எழுதினார். 1881இல் லண்டனில் கூடிய உலக மருத்துவ மாநாட்டில் பிரிட்டிஷ் மூளை ஆய்வாளர் டேவிட் ஃபெரியர், மூளைப் புறணியின் இயக்கப் பகுதி ஒருபுறம் நீக்கப்பட்ட குரங்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பக்கக் காலை இழுத்து இழுத்து நடந்த அதைப் பார்த்தவுடன் ஷார்கோ, "இது ஒரு நோயாளி!" என்று வியந்து கூவினார். இருபது ஆண்டுகளாகத் தம் கூடங்களில் அந்த நடையைப் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்து வந்த சொல் அது.

பக்கவாதம் வந்தவர்களின் உடல் வெப்பநிலையை வேளைதோறும் அளந்து பதிவு செய்யும் வழக்கத்தை அவர் தம் பிரிவில் நிலைநாட்டினார். கசிவு ஏற்பட்டவுடன் வெப்பம் முதலில் தாழ்ந்து, பிறகு சில காலம் நிலைத்து, மரணத்தை நோக்கிச் செல்பவரிடம் வேகமாக உயர்கிறது என்பது அவ்வாறு தெரியவந்தது. பக்கவாதத்துக்குப் பின் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை சிதைவதைப் புஷார் 1866இல் ஆராய்ந்தார். முடங்கிய கை மாதங்கள் செல்லச் செல்ல ஏன் விறைத்து மடங்கிவிடுகிறது என்பதை விளக்க அந்த ஆய்வு பயன்பட்டது. இன்னும் முன்னதாக 1858இல், நடந்தால் காலில் வலி வந்து, நின்றால் தணிவது காலுக்குச் செல்லும் தமனியின் அடைப்பால்தான் என்று மனிதரில் முதன்முதலாகத் தெளிவாக விவரித்தவரும் ஷார்கோவே. தமனி அடைபட்டால் உறுப்பு முதலில் விட்டு விட்டுத் தவிக்கும் என்ற அந்தக் கருத்தைப் பின்வந்தவர்கள் மூளைக்கும் பொருத்திப் பார்த்தார்கள்.

நான் தொடக்கத்தில் சொன்ன தீங்கு படுக்கைப்புண் பற்றியது. பக்கவாதம் வந்த சில நாள்களிலேயே முடங்கிய பக்கத்துப் பிட்டத்தில் தோல் சிவந்து, கொப்புளமாகி, கருகிப் புண்ணாவதை ஷார்கோ மிகத் துல்லியமாக விவரித்தார். அதன் இடம், நாள், நிறம் எல்லாம் அவர் குறிப்புகளில் இருக்கின்றன. ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணம், சேதமடைந்த மூளை தோலுக்கு அனுப்பும் ஊட்டமளிக்கும் நரம்பாற்றல் கெட்டுவிட்டது என்பது. ஒரே பக்கமாகப் படுத்திருப்பதால் வரும் அழுத்தத்துக்கு அவர் அளித்த இடம் மிகச் சிறியது. அந்தப் புண் வந்தால் மரணம் நெருங்கிவிட்டது என்று கற்பித்தார். இத்தனைக்கும் உடலியல் ஆய்வாளர் பிரவுன்-செக்கார் 1853லேயே, தண்டுவடம் வெட்டப்பட்ட விலங்குகளின் உடலில் எந்தப் பகுதியும் தொடர்ந்து அழுந்தாமல் பார்த்துக்கொண்டு, சிறுநீரும் மலமும் படாமல் கழுவி வந்தால் புண்ணே வருவதில்லை என்று காட்டியிருந்தார். ஷார்கோவின் சொல்லுக்கு இருந்த செல்வாக்கால், புண் மூளையின் விதி, செவிலியர் செய்யக்கூடியது எதுவுமில்லை என்ற எண்ணம் நெடுங்காலம் வாழ்ந்தது. குணமாக்க முடியாத நோயைப் பற்றி நேர்மையாகப் பேசிய அதே மனிதர், தடுக்கக்கூடிய ஒன்றைத் தடுக்க முடியாததாக அறிவித்துவிட்டார். படுத்தவரைப் புரட்டிப் போடுவது, தோலை உலர்வாக வைப்பது, விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே உணவு கொடுப்பது, சீக்கிரம் எழுப்பி உட்காரவைப்பது ஆகியவற்றை ஒருங்கிணைந்து செய்யும் தனிப் பக்கவாதப் பிரிவுகள் இறப்பையும் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையையும் குறைக்கின்றன என்று 1990களில் தொகுக்கப்பட்ட சோதனைகள் உறுதிசெய்தன. சால்பெத்ரியேரின் 5000 பெண்களுக்கு அன்று அத்தகைய பராமரிப்பு கிடைத்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வருவதுண்டு.

ஹிப்னாடிச மேடையைப் பற்றி நீங்கள் குறிப்பிட்டதற்கு, அது இந்தக் கதைக்கு வெளியே இல்லை என்பதே என் பதில். 1882இல் அவருக்காகவே நரம்பு நோய்களுக்கான பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்ட காலத்தில், அவர் கவனம் பெரும்பாலும், உடலில் சேதம் எதுவும் காணாமலே முடக்கமும் வலிப்பும் வரும் ஹிஸ்டீரியாவின் பக்கம் திரும்பியிருந்தது. மூளையில் எந்தச் சேதமும் இல்லாமல் ஒரு பக்கம் முடங்கிப்போன நோயாளிகள் அவரிடம் வந்தார்கள். அவர்கள் நடிக்கவில்லை, உண்மையிலேயே துன்புறுகிறார்கள் என்று அவர் உறுதியாகச் சொன்னார். அந்த நிலைப்பாடு இன்றும் மதிக்கத்தக்கது. ஹிப்னாடிச நிலைக்கு மூன்று கட்டங்கள் உண்டு, அவை ஹிஸ்டீரியா உள்ளவர்களிடமே தோன்றும் என்று அவர் வகுத்த கோட்பாடு மட்டும் நிலைக்கவில்லை. நான்சி நகரத்து மருத்துவர் பெர்னெம், மேடையில் அந்தப் பெண்கள் காட்டியது மருத்துவரின் எதிர்பார்ப்பு அவர்கள் மனதில் பதிந்ததன் விளைவு என்று வாதிட்டார். வரலாறு பெர்னெம் பக்கமே நின்றது. பிரேதப் பரிசோதனையின் துணை இல்லாத இடத்தில் ஷார்கோவின் முறைக்குக் கால் ஊன்ற நிலம் இல்லாமல் போனது என்பது என் கணிப்பு.

ஆயினும், மூளைச் சேதத்தால் வந்த பக்கவாதத்தையும் சேதமில்லாத முடக்கத்தையும் படுக்கையருகே எப்படிப் பிரித்தறிவது என்ற கேள்வியை அவர் மாணவர்களிடம் விட்டுச் சென்றார். அதற்கு விடை கண்டவர் ஜோசப் பபின்ஸ்கி. 1885இல் எம்.எஸ். பற்றியே தம் ஆய்வேட்டை எழுதியவர் அவர். 1892இல் பேராசிரியர் தகுதித் தேர்வில் அவர் தோல்வியடைந்தார். தேர்வுக் குழுவின் தலைவர், ஒரு காலத்தில் ஷார்கோவின் துணை ஆய்வாளராக இருந்து பின்னர் பகைவராகிவிட்ட அதே புஷார். பதவி கிடைக்காத பபின்ஸ்கி பிட்டியே மருத்துவமனையில் பணியைத் தொடர்ந்து, 1896 பிப்ரவரியில் ஒரு பக்கத்துக்கும் குறைவான குறிப்பை வெளியிட்டார். உள்ளங்காலின் ஓரத்தைக் கீறினால் இயல்பாக விரல்கள் கீழ்நோக்கி மடங்கும். மூளையிலிருந்து இறங்கும் இயக்கப் பாதை பழுதுபட்டிருந்தால் கட்டைவிரல் மேல்நோக்கி எழும். ஹிஸ்டீரியாவால் வந்த முடக்கத்தில் இப்படி எழுவதில்லை. பக்கவாதமானாலும் எம்.எஸ். ஆனாலும், உலகின் எந்த மூலையிலும் ஒரு மருத்துவர் நோயாளியின் காலுறையைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைக் கீறிப் பார்க்கிறார் என்றால், அவர் பபின்ஸ்கியின் அந்தக் குறிப்பைத்தான் பின்பற்றுகிறார். இன்னொரு மாணவர் பியேர் மரீ, 1901இல் பிசெத்ர் மருத்துவமனையின் முதியவர்களை அதே முறையில் ஆராய்ந்து, மூளையின் ஆழத்தில் நுண்தமனிகள் அடைபடுவதால் தோன்றும் சிறு குழிகளை விவரித்தார். இன்று ஸ்கேன் அறிக்கைகளில் லாக்குனார் என்று குறிக்கப்படும் பக்கவாத வகை அவர் விவரித்ததுதான். எம்.எஸ்.ஸுக்குத் தொற்றுநோய் காரணமாக இருக்கலாம் என்று 1884இல் எழுதியவரும் மரீயே.

ஷார்கோ 1893 ஆகஸ்ட் 16 அன்று, மோர்வான் பகுதியில் உள்ள செத்தோன் ஏரிக்கரையில், விடுமுறைப் பயணத்தின்போது நுரையீரலில் நீர் கோத்து இறந்தார். வயது 67.

அவர் பிரித்துவைத்ததன் பயன் நோயாளியின் கைக்கு எட்ட நூறாண்டுக்கும் மேலானது. ரத்தக்கசிவால் வந்த பக்கவாதமா, அடைப்பால் வந்ததா என்பதை உயிரோடிருப்பவரிடம் சந்தேகமின்றி அறிய சி.டி. ஸ்கேன் வர வேண்டியிருந்தது. அதன் முதல் நோயாளிப் படம் 1971இல் லண்டனில் எடுக்கப்பட்டது. அந்த வேறுபாடு தெரியாமல், தமனியை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடியாது, ஏனெனில் கசிவு உள்ளவருக்கு அதுவே எமனாகிவிடும். அடைப்பு தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் அந்த ஊசியைப் போட்டால் முடக்கம் குறைகிறது என்ற அமெரிக்கச் சோதனையின் முடிவு 1995இல் வெளிவந்தது. 2008இல் அந்த நேரம் நாலரை மணி வரை நீட்டிக்கப்பட்டது. தமனிக்குள் குழாய் செலுத்தி ரத்தக்கட்டியை இழுத்தெடுக்கும் முறையின் பயனை 2015இல் ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஐந்து சோதனைகள் உறுதிசெய்தன. எம்.எஸ். திட்டுகளை உயிரோடிருப்பவரின் மூளையில் எம்.ஆர்.ஐ. வழியே 1981இல் பார்க்க முடிந்தது. தணிந்து மீண்டும் தாக்கும் வகைக்கு இன்டர்ஃபெரான் பீட்டா 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தணியாமல் தொடக்கம் முதலே வளர்ந்துகொண்டு போகும் வகைக்கு முதல் மருந்தாக ஒக்ரெலிசுமாப் அங்கே அனுமதிக்கப்பட்டது 2017இல். எந்த வகை என்று முதலில் தீர்மானித்த பிறகே இந்த மருந்துகளில் எதைக் கொடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்கிறார். அந்தத் தீர்மானத்துக்கு அவர் இன்றும் நோயாளியிடம் முதலில் கேட்பது, தாக்குதல் எப்போது வந்தது, எத்தனை நாள் நீடித்தது, இடையில் எவ்வளவு தேறியது என்பவற்றைத்தான்.